நான் காணாத கோல்

உதைபந்தாட்ட இறுதிப் போட்டியன்று பத்திரிகைக்காரர்களுக்கென்று போட்டிருந்த தகரக் கொட்டகையின் கீழே இருந்தவர்கள்: மற்றத் தமிழ்ப் பத்திரிகையின் நிருபர், இரண்டு சிங்களப் பத்திரிகைகளின் நிருபர்கள், ஒரு வானொலிக்காரர், கமராவைப் பொலித்தீன் பையால் சுற்றி மடியில் வைத்திருந்த படப்பிடிப்பாளர், ஸ்கோர் தாள் எழுதும் லீக் உத்தியோகத்தர், பிறகு எங்கள் பத்திரிகைக்காக நான். எல்லாமாக ஏழு பேர். மைதானத்து மதிலுக்கு வெளியே, ஒழுங்கைத் தெருவைத் தாண்டியதும் நிற்கிற மாடி வீட்டின் யன்னலில் ராத்தாவும் அவருடைய மருமகளும். அவர்கள் கொட்டகையில் இருக்கவில்லைத்தான். ஆனாலும் அவர்களையும் சேர்த்தால்தான் அன்றைய கணக்குச் சரிவரும்.

இப்படி ஆட்களை எண்ணுவது எனக்கு அம்மாவால் வந்த பழக்கம். கொட்டாஞ்சேனையில் நாங்கள் வாடகைக்கு இருக்கிற வீட்டின் கதவைத் திறந்தவுடன் அம்மா கேட்கும் முதல் கேள்வி, எந்த அணி வென்றது என்பதல்ல.

"ஆரார் இருந்தவை?"

நான் சொல்லுவேன்.

"வேற பொம்பிளையள்?"

"இல்லை அம்மா."

"ம்."

அந்த 'ம்'முக்குப் பதில் சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை. அதனால் மைதானத்துக்குள் கால் வைத்ததுமே எண்ணத் தொடங்கிவிடுவேன். எண்ணி முடிந்தால் மனம் கொஞ்சம் அடங்கும். பிறகு அடுத்த கவலைகள் வரிசையில் வந்து நிற்கும். போன் சார்ஜ் காணுமா, குடை எங்கே, பேனை எழுதுமா, இரண்டாவது பேனையும் எழுதாமல் விட்டால் என்ன செய்வது, வீட்டில் காஸ் சிலிண்டரை மூடினேனா. மூடியிருப்பேன். எப்போதும் மூடித்தான் இருந்திருக்கிறேன். ஆனாலும் மட்டக்குளி பஸ்ஸில் ஏறி இருக்கை கிடைத்தவுடன் எனக்கு நினைவு வருவது அந்தச் சிலிண்டர்தான்.

பெரிய படிப்பு ஒன்றும் எனக்கு இல்லை. அப்பா படுக்கையில் விழுந்த வருஷம் சாதாரண தரப் பரீட்சைக்குப் போகாமலே பள்ளிக்கூடத்தை விட்டேன். வெள்ளவத்தையில், காலி வீதியில் இருந்த ஒரு கொமியுனிக்கேஷன் கடையில் தமிழ் டைப் செய்யும் வேலை கிடைத்தது. கல்யாண அழைப்பு, மரண அறிவித்தல், மணமகன் தேவை, இவைதான் நாள் முழுக்க. அந்தக் கடைக்கு ஒரு விளையாட்டு நிருபர் தன் கையெழுத்துச் செய்திகளை டைப் செய்யக் கொண்டு வருவார். அவருடைய எழுத்து எறும்பு மையில் விழுந்து நடந்தது போல இருக்கும். வாசிக்க முடியாத இடங்களில் நான் கேள்வி கேட்பேன். "பந்து ஆரிட்டப் போனது?" "அதுக்குள்ள கோல்காப்பாளர் எங்க போனவர்?" அவர் ஒரு நாள் எரிச்சலில், "இவ்வளவு கேக்கிறீங்கள், நீங்களே போய்ப் பாத்து எழுதுங்கோவன் தங்கச்சி" என்றார். அவர் பகிடிக்குச் சொன்னார். நான் போனேன்.

போன பிறகுதான் தெரிந்தது, எனக்கு அந்த ஆட்டம் எவ்வளவு பிடிக்கும் என்று. ஒரு பொழுது முழுக்கக் கவலைப்படுகிற என்னால், பந்து ஓடுகிற தொண்ணூறு நிமிஷமும் வேறு ஒன்றையும் நினைக்க முடிவதில்லை. காஸ் சிலிண்டர் உட்பட. இப்படி ஓர் ஓய்வு எனக்குக் கோயிலில்கூடக் கிடைத்ததில்லை.

ஆனால் பந்து ஓடத் தொடங்கும்வரை தாண்ட வேண்டியவை பல. வாசலில் டிக்கெட் கிழிப்பவர், "எந்த பிளேயர்ட வைஃப்?" என்று கேட்பார். நான் எழுதும் தமிழ்ப் பத்திரிகை தந்த அட்டையைக் காட்டினால் அட்டையைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், மறுபடி அட்டையைப் பார்ப்பார். கொட்டகையில் முதல் சீசன் முழுக்க எனக்கு வாய்மொழிப் பரீட்சை நடந்தது. "தங்கச்சி, ஓஃப்சைட் எண்டா என்ன, சொல்லுங்க பாப்பம்." பள்ளிக்கூடத்தில் எழுதாத பரீட்சையை அங்கேதான் எழுதினேன். இரண்டாவது சீசனில் பரீட்சை நின்றது. வாங்குப் பலகையில் எனக்கென்று ஓர் ஓரத்தை விட்டு வைத்தார்கள். என் போன் செத்தால் யாராவது சார்ஜர் நீட்டுவார்கள். கெட்ட மனிதர்கள் என்று அவர்களில் ஒருவரையும் சொல்ல மாட்டேன்.

தீராமல் இருந்தது ஒரு பிரச்சினைதான். அந்த மைதானத்தில் பெண்களுக்கு டொய்லட் இல்லை. ஆண்களுக்கும் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் அவர்களுக்குப் பின்பக்கத்து மதில் இருந்தது.

அதற்கு நான் கண்டுபிடித்த வழி, ஆட்டம் உள்ள நாட்களில் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பது. தொண்டை காயும், பின்னேரம் தலை இடிக்கும், வீட்டுக்கு வந்து இரண்டு போத்தலை நின்ற நிலையில் குடிப்பேன். அப்படிச் சமாளித்தாலும் ஒரு நாள் சமாளிக்க முடியாமல் போனது. இடைவேளையில் வெளியே ஓடினேன். சந்திச் சாப்பாட்டுக் கடைக்காரர் கஸ்டமருக்கு மட்டும் என்றார். ஒழுங்கையில் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றபோது, ஒரு மாடி வீட்டுப் படிக்கட்டில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்ற ஒரு முஸ்லிம் பெண் என்னையே பார்த்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். தலையில் முக்காடு, வாயில் இரண்டு கிளிப்.

"என்ன மகள், மூஞ்சி வெளுத்து ஈக்குது?"

"ஒரு டொய்லட்... இங்க எங்கயாவது..."

"அதுக்கு ஏன் களவெடுத்தவ மாதிரி மெல்லக் கேக்குற? ஏறி வா."

வெளியே வந்தபோது கையில் துவாயோடு நின்றார்.

"கோட்டை ஸ்டேஷன்ல இதுக்கு இருவது ரூவா எடுக்குற. நானும் அதேதான், தெரிஞ்சிக்க."

நான் பையைத் திறந்தேன். கவலைக்காரியின் பையில் சில்லறை எப்போதும் இருக்கும்.

"இப்ப வாணாம். சும்மா சும்மா இருவது இருவதா வாங்கி நான் என்ன செய்ற? சீசன் முடியச் சேத்துத் தா."

அப்படித்தான் அவர் எனக்கு ராத்தாவானார், அவர்கள் பேச்சில் அக்கா. ஆட்டம் இருக்கிற நாட்களில் மாடி யன்னலில் நின்று என்னைத் தேடுவார். மருமகள் மத்தியானத்தில் சோற்றுப் பார்சல் கட்டி விற்பவள். பின்னேரம் வேலை முடிந்து அவளும் யன்னலுக்கு வந்துவிடுவாள். இருவரும் பல வருஷமாக அந்த யன்னலிலிருந்து ஆட்டம் பார்க்கிறவர்கள். விளையாடுபவர்களின் பெயர் தெரியாது. "நொண்டிக்கிட்டு ஓடுறவன்", "சண்டைக்காரன்", "உம்மாக்குப் பயந்தவன்" என்று அவர்களே வைத்த பெயர்கள்தான். உம்மாக்குப் பயந்தவன் ஏன் உம்மாக்குப் பயந்தவன் என்று கேட்டேன். ஒவ்வொரு பிழைக்குப் பிறகும் அவன் பார்வையாளர் பக்கம் அவன் அம்மா இருக்கிற ஒரே இடத்தைத் திரும்பிப் பார்க்கிறானாம். நானும் பிறகு கவனித்தேன். உண்மைதான்.

இறுதிப் போட்டிக்கு ஒரு கிழமை இருக்கும்போது விளையாட்டு ஆசிரியர் போன் எடுத்தார். யாழ்ப்பாணத்து மனிதர், நீட்டிப் பேசாதவர்.

"நிர்வாகம் சொல்லுது, உதைபந்தாட்டத்துக்கு வெளியால இருந்து எழுத ஒராள் போதும் எண்டு. நீரும் இருக்கிறீர், மற்றப் பெடியனும் இருக்கிறான். அரையிறுதியை அவன் எழுதிப்போட்டான். இறுதிப் போட்டி உம்மட. பாத்து ஆரெண்டு முடிவெடுப்பம்."

"நான் இல்லையெண்டா, சேர்?"

"பெண்கள் பக்கத்துக்கு ஆள் தேவையாம். வேலை இல்லாமல் போகாது, பயப்பிடாதையும்."

பயப்படாதே என்று யாராவது சொன்னால் எனக்குப் பயம் இரட்டிக்கும். பெண்கள் பக்கத்தில் முன்பு சில மாதம் இருந்திருக்கிறேன். வாசகிகள் அனுப்பும் சமையல் குறிப்புகளைத் திருத்தி டைப் செய்வது. அதில் ஒரு குறையும் இல்லை. கத்தரிக்காய்ப் பிரட்டல் நான் நன்றாக வைப்பேன். ஆனால் கத்தரிக்காய் வதங்குகிற நேரத்திலும் எனக்குக் கவலை போவதில்லை. பந்து ஓடுகிற தொண்ணூறு நிமிஷத்தை என்னிடமிருந்து எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கும் என்று அந்தக் கிழமை முழுக்க யோசித்தேன்.

இறுதிப் போட்டி முகத்துவாரத்து நீலச் சட்டைகளுக்கும் மட்டக்குளிச் சிவப்புச் சட்டைகளுக்கும். இரவெல்லாம் மழை. மைதானத்தின் இரண்டு கோல் வாயிலும் மாடு படுத்து எழும்பியது போலப் பள்ளம் விழுந்து சேறாகிக் கிடந்தது. நான் காலையில் ஒரு மிடறு தேநீரோடு நிறுத்திக்கொண்டு வந்திருந்தேன். பேனை மூன்று. போன் நூறு வீதம்.

இந்த லீக்கில் ஒரு வழக்கம் உண்டு. இறுதிப் போட்டியில் இடைவேளைக்குச் சற்று முன்னதாக, மட்டக்குளிக் கழகத்தின் தலைவரே தட்டோடு கொட்டகைக்கு வந்து பத்திரிகைக்காரர்களுக்குச் சர்பத் கொடுப்பார். அவருடைய மனைவி தன் கையால் செய்வது. கசகசா மிதக்கும், ஐஸ் போட்ட, பெரிய கிளாஸ். சீசன் முழுக்க அவர்கள் தந்த எதையும் நான் வேண்டாம் என்று சொல்லியே வந்திருந்தேன். தேநீர் வேண்டாம், சோடா வேண்டாம், தம்பிலி இளநீர் வேண்டாம். காரணத்தையும் சொல்ல முடியாது. எனக்குத் தலைக்கனம் என்று அவர்களுக்குள் ஒரு கதை இருந்தது எனக்குத் தெரியும்.

தலைவர் தட்டை என் முன்னால் பிடித்தபடி நின்றார். மற்றவர்கள் குடித்து முடித்துவிட்டார்கள்.

"இன்னைக்குக் கடைசி மேட்ச், மிஸ். எங்க கையால ஒன்னும் குடிக்க மாட்டீங்களா?"

மற்றத் தமிழ்ப் பத்திரிகை அண்ணன் முழங்கையால் இடித்தார். "எடும் தங்கச்சி. அந்தாள் அழப்போகுது."

எடுத்தேன். நாக்கில் பட்டதும் தெரிந்தது, காலையிலிருந்து காய்ந்த தொண்டைக்கு அது என்னவென்று. அடி வரைக்கும் குடித்தேன். தலைவரின் முகம் விரிந்தது, அவர் தானாக இன்னொரு கிளாஸ் எடுத்துத் தந்தார். அதையும் குடித்தேன்.

இடைவேளையில் ராத்தா வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். ஆனால் இரண்டு அணிகளின் மாற்று வீரர் பட்டியலையும் வாங்க வேண்டியிருந்தது, அது முடிவதற்குள் விசில் ஊதிவிட்டது. தாங்கலாம் என்று நினைத்தேன். கோல் ஒன்றும் விழவில்லை. இரண்டு பக்கமும் சேற்றில் வழுக்கி வழுக்கி விழுந்தார்கள். எழுபதாவது நிமிஷம் தாண்டியபோது, தாங்க முடியாது என்பது நிச்சயமாகத் தெரிந்தது. மழையும் திரும்பத் தூறத் தொடங்கியது. இந்தச் சேற்றில் இனி யாரும் கோல் போடப் போவதில்லை, பெனால்டி உதையில்தான் முடியும் என்று வானொலிக்காரர் மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய வாயை நம்பி ஓடினேன்.

ராத்தாவின் டொய்லட்டில், மேலே சிறிய வலை யன்னல் ஒன்று உண்டு. அதற்குள்ளால்தான் அந்தச் சத்தம் வந்தது. முதலில் ஒரு கணம் எல்லாரும் மூச்சை நிறுத்தியது போல ஒன்றுமில்லாமல் போனது. அதன் பிறகு ஒழுங்கை முழுக்க அதிர்ந்தது. தகரத்தில் அடித்தார்கள். யாரோ வெடி கொளுத்தினார்கள்.

நான் எவ்வளவோ விதமான கெட்ட விஷயங்களை முன்கூட்டியே நினைத்து வைக்கிறவள். இது நான் நினைத்து வைத்தவற்றின் பட்டியலில் முதலாவதாகவே இருந்தது. நடந்துவிட்டது. கதவைத் திறந்தபோது ராத்தா யன்னலிலிருந்து திரும்பினார்.

"போட்டுட்டான் மகள். செவப்பு."

"எப்பிடி ராத்தா? எப்பிடிப் போட்டவன்?"

"சும்மா காலால தட்டின. பந்து நிண்டு போச்சு."

"நிண்டதா?"

"நிண்டிச்சு. கேளு இவள்ட."

மருமகள் தலையாட்டினாள். "களிக்குள்ள கரண்டி நிக்கிற மாதிரி, அப்படியே நிண்டிச்சு. கீப்பர் வந்தான், பந்து வரல்ல."

அதற்குமேல் கேட்க நேரமில்லை. கொட்டகைக்கு ஓடி வந்தேன். எல்லாருடைய முகத்திலும் ஒரு சிரிப்புத் தயாராக இருந்தது.

"எங்க தங்கச்சி போனீர், பந்து பொறுக்கவோ?" என்றார் தமிழ்ப் பத்திரிகை அண்ணன்.

"என்ன நடந்தது அண்ணை?"

"பதினொண்டு, தலையால. அப்பிடி ஒரு ஹெடர் இந்த மைதானம் கண்டதில்லை."

"தலையாலயா?" என்றார் வானொலிக்காரர். "ஐயோ அண்ணன், பொய் சொல்லாதீங்க பாவம். ஃப்ரீ கிக். முப்பது யார் தூரத்தில இருந்து."

சிங்கள நிருபர்களில் ஒருவர், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல், தங்கச்சியைச் சிங்களத்தில் சொல்லி, "நங்கி, பெனல்டி" என்றார். மூவரும் சேர்ந்து சிரித்தார்கள். படப்பிடிப்பாளரைப் பார்த்தேன். அவர் மற்றக் கோலுக்குப் பின்னால் நின்றவர், கையை விரித்தார். ஃபேஸ்புக்கில் நேரடியாகக் காட்டிக்கொண்டிருந்த கழகத்துப் பையனும் தூறலுக்குப் போனைச் சட்டைக்குள் வைத்துவிட்டானாம்.

ஸ்கோர் தாள் எழுதும் உத்தியோகத்தர் மட்டும் தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். பதினொன்றாம் நம்பர், எழுபத்தாறாவது நிமிஷம்.

"இதில எப்பிடி எண்டு எழுதுறேல்ல மிஸ்" என்றார் மெல்ல. "நம்பரும் நிமிசமும் மட்டும்தான்."

அந்த ஒரு கோலோடு ஆட்டம் முடிந்தது.

அடுத்தது பயிற்றுவிப்பாளரின் பேச்சு. இந்த லீக்கில் வென்ற அணியின் பயிற்றுவிப்பாளர் வெளியே வந்து பேசுவது கிடையாது. உடை மாற்றும் அறையில், பையன்கள் சேற்றுச் சட்டைகளைக் கழற்றித் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நிற்க, நடுவில் வாங்கில் ஏறி நின்றுதான் பேசுவார். நிருபர்கள் உள்ளே போய்ச் சுற்றி நிற்பார்கள். என்றைக்கோ யாரோ தொடங்கிய பழக்கம். என்னை வெளியே நிறுத்த வேண்டுமென்று யாரும் தொடங்கவில்லை. ஆனால் நான் வெளியே நிற்பேன்.

"மிஸ்ஸும் வாங்க, கண்ணை மூடிக்கொண்டு" என்று உள்ளேயிருந்து யாரோ கத்தினார்கள். பெரிய சிரிப்பு. கதவு சாத்தப்பட்டது. வேறு நாட்களில் தமிழ்ப் பத்திரிகை அண்ணன் வெளியே வந்து, தன் செய்திக்குத் தேவையானதை வைத்துக்கொண்டு மிச்சத்தை எனக்குச் சொல்லுவார். அன்று அவரும் உள்ளே வீடியோ எடுப்பதிலேயே நின்றுவிட்டார். கதவுக்கு வெளியே வெற்றிக்குப் பறை அடிக்க வந்த இருவரும் நானும்.

ஏழு மணிக்குச் செய்தி போக வேண்டும். கோலை நான் காணவில்லை. பயிற்றுவிப்பாளரின் ஒரு சொல் இல்லை. கத்தரிக்காய்ப் பிரட்டலுக்கு உப்பு எவ்வளவு என்று மனதுக்குள் நான் ஏற்கனவே திருத்தத் தொடங்கிவிட்டேன்.

அப்போதுதான் தண்ணீர்த் தாங்கிக்குக் கீழே, சீமெந்துப் படியில் நீலச் சட்டைக் கோல்காப்பாளர் தனியாக இருப்பதைக் கண்டேன். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது. துறைமுகத்தில் நாட்கூலிக்குப் போகிற பையன். தோற்ற அணியின் அறைக்குள்ளும் அவன் போகவில்லை. கையுறைகளைக் கழற்றாமல் முழங்காலில் வைத்துக்கொண்டு இருந்தான். தோற்ற அணியின் கோல்காப்பாளரிடம் ஒருவரும் பேசுவதில்லை. அதுவும் ஒரு பழக்கம்தான்.

அவன் பேச மாட்டான் என்று பயந்தேன். பேசினால் அழுவான் என்றும் பயந்தேன். பக்கத்துப் படியில் குடையை வைத்துவிட்டு இருந்தேன்.

"தம்பி, பந்து ஏன் நிண்டது?"

நிமிர்ந்து பார்த்தான். "யாரு சொன்னது, நின்னதுன்னு?"

"மாடியில நிண்டு பாத்த ஆக்கள்."

"அவுங்களுக்குக் கண்ணு இருக்குது" என்றான். உடை மாற்றும் அறைக் கதவைத் தாடையால் காட்டினான். "அங்க உள்ளுக்குப் போனவனுக்கெல்லாம் நான் ஸ்லிப் ஆனேன். ஒருத்தன் சொல்லிட்டே போறான், கீப்பர் ஸ்லிப்புன்னு."

பிறகு அவனே சொன்னான். நான் பேனையை எடுத்ததைக்கூட அவன் பார்க்கவில்லை.

காலையில் வெளிச்சம் வந்தவுடன் கடற்கரைக்குப் போய் ஓர் அரிசிச் சாக்கில் மணல் அள்ளி, மாமனாரின் மீன் வண்டிலில் வைத்துத் தள்ளிக்கொண்டு மைதானத்துக்கு வந்திருக்கிறான். கோல் வாயில் பள்ளத்தை நிரப்ப. வந்து பார்த்தால் இரண்டு பக்கமும் பள்ளம். சாக்கு ஒன்றுதான். இரண்டிலும் பாதி பாதி கொட்டினால் இரண்டும் சேறாகவே இருக்கும். ஒரு பக்கத்தைத் தெரிவு செய்தான். பெரிய அரசமரம் இருக்கிற பக்கம். இரண்டாவது பாதியில்தான் ஆட்டம் சூடு பிடிக்கும், அந்த நேரம் அந்தப் பக்கம் நிற்கப் போவது தான்தான் என்று அவனுக்கு ஒரு நினைப்பு. டொஸ் போட்டபோது கெப்டனுக்கு இதை அவன் சொல்லவில்லை.

"ஏன் சொல்லேல்ல?"

"சொன்னா சிரிப்பானுங்க அக்கா. கீப்பர் வீடு கட்டப் போறான்னு சொல்வானுங்க."

டொஸ் மாறி விழுந்தது. அவன் மணல் போட்ட பக்கத்தில் முதல் பாதி அவன் நின்றான். ஒரு பந்தும் வரவில்லை. இரண்டாவது பாதியில் அங்கே நின்றது மட்டக்குளிக் கோல்காப்பாளர். இவன் வந்து நின்றது சேற்றில். நீண்ட பந்து ஒன்று வந்து முன்னால் விழுந்தது. ஒரு துள்ளு துள்ளிக் கைக்கு வரும் என்று இவன் முன்னால் வந்தான். பந்து பள்ளத்தில் விழுந்து அப்படியே நின்றது. பதினொன்று ஓடி வந்து காலால் தட்டினான்.

"நான் போட்ட மண்ணுல அவன் காலு நனையாம நின்னான், அக்கா" என்றான். மட்டக்குளிக் கோல்காப்பாளரைச் சொன்னான். அதைச் சொல்லும்போது அவனுக்கே கொஞ்சம் சிரிப்பு வந்தது.

"இதை எழுதட்டுமா?"

கையுறையைப் பார்த்துக்கொண்டே யோசித்தான்.

"எழுதுங்க. ஆனா அழுதேன்னு மட்டும் எழுதாதீங்க."

"நீ அழயில்லையே."

"வீட்டுக்குப் போய் அழுவேன். அத எழுதாதீங்க."

ராத்தா வீட்டுப் படிக்கட்டில் இருந்து போனில் டைப் செய்தேன். சோற்றுப் பார்சலுக்கு மருமகள் வெங்காயம் தாளித்த வாசனை அங்கே இன்னும் நின்றது. கோலை நான் பார்த்தது போல எழுத எனக்கு வராது, வந்தாலும் எழுத்தில் தெரிந்துவிடும். அதனால் அரிசிச் சாக்கில் தொடங்கினேன். மீன் வண்டில், அரசமரம், டொஸ், பள்ளம். கோல் முழுவதும் அவனுடைய வாயால். யார் வென்றது என்பது நாலாவது பந்தியில்தான் வந்தது. இப்படி ஒரு விளையாட்டுச் செய்தி நான் வாசித்ததே இல்லை. அதனால் இது பிழையாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு அனுப்பினேன்.

ராத்தா தேநீர் கொண்டு வந்து நீட்டினார். வேண்டாம் என்று தலையை ஆட்டினேன்.

"மேட்ச்தான் முடிஞ்சிட்டே. இனி என்னத்துக்குப் பயப்புடுற? குடி."

குடித்தேன். பாதியில் போன் அடித்தது.

"பயிற்றுவிப்பாளர் ஒண்டும் சொல்லேல்லையோ?" ஆசிரியர் நேரே தொடங்கினார்.

"சொன்னவர் சேர். அறைக்குள்ள. நான் வெளியில நிண்டனான்."

"ம்." அம்மாவின் 'ம்' போலவே இருந்தது. "கோல் முழுக்க அந்தப் பெடியன்தான் சொல்லுறான். நீர் என்ன கண்டனீர் எண்டு ஒரு வரி இல்லை. நீர் எங்க நிண்டனீர்?"

பொய் ஒன்று வாய்வரை வந்தது. கூட்டம் மறைத்தது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பொய் சொன்னால் அது பிடிபடுமா என்று எத்தனை மாதம் கவலைப்பட வேண்டி வரும் என்பதும் உடனே கணக்கில் வந்தது.

"டொய்லட்டுக்குப் போனனான் சேர். மைதானத்தில இல்லை. றோட்டைத் தாண்டி ஒரு வீட்டதான் போக வேணும். அந்த நேரம் விழுந்தது."

ராத்தா படியில் எனக்கு மேலே நின்று, காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். மறைக்கவும் இல்லை.

"எவ்வளவு காலமா இப்பிடி?"

"தொடக்கத்தில இருந்தே."

"ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லையே."

"நீங்கள் கேக்கேல்லை சேர்."

அவர் தொண்டையைச் செருமினார்.

"லீக்குக்குக் கடிதம் ஒண்டு போடுறன். பயிற்றுவிப்பாளர் வெளியில வந்து கதைக்கிறதுக்கும் சேத்து. நடக்குமோ தெரியாது. மற்றது, தலைப்பை மாத்திப்போட்டன். 'ஒரு சாக்கு மணல்'. பக்கத்தின்ர தலையில போகுது."

"சரி சேர்."

"அடுத்த சீசனுக்குப் பஸ் காசு கூட்டித் தர ஏலாது. அதை இப்பவே சொல்லிப்போட்டன்."

அவர் போனை வைத்துவிட்டார். நான் காதில் வைத்தபடியே இருந்தேன். அடுத்த சீசனுக்கு என்று சொன்னாரா, அல்லது எனக்கு அப்படி விளங்கியதா என்ற சந்தேகம்.

"என்ன செல்ற உன் சேர்?" ராத்தா கேட்டார்.

"பஸ் காசு கூட்ட மாட்டாராம்."

"அப்ப வேலை ஈக்குது" என்றார் ராத்தா. "வேலை இல்லாதவளுக்கு ஆரும் பஸ் காசு பத்திக் கதைக்கிறல்ல."

மருமகள் உள்ளேயிருந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். அன்று மட்டக்குளி பஸ்ஸில் திரும்பும்போது காஸ் சிலிண்டர் நினைவுக்கு வந்தது கொட்டாஞ்சேனையில் இறங்கின பிறகுதான்.

"ஆரார் இருந்தவை?" என்றார் அம்மா.

சொன்னேன்.

"வேற பொம்பிளையள்?"

"ரெண்டு பேர் இருந்தவை அம்மா. யன்னலில."

அம்மா 'ம்' சொல்லவில்லை. சாப்பிட வரச் சொன்னார்.

அடுத்த நாள் கோல்காப்பாளர் பத்திரிகைப் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பியிருந்தான். மாமனார் மீன் வண்டிலில் அதை ஒட்டி வைத்திருக்கிறாராம். தமிழ்ப் பத்திரிகை அண்ணன் போன் எடுத்து, "ஹெடர் எண்டு எழுதாமல் விட்டீரே, நான் உமக்கு எவ்வளவு உதவி செய்தனான்" என்றார். இருவரும் சிரித்தோம். இந்தச் சீசன் தொடங்கியதும் ஆசிரியரின் கடிதத்துக்குப் பலனாக, மட்டக்குளிப் பயிற்றுவிப்பாளர் வெளியே வந்து பேசுகிறார். குரல் மட்டும் குறைந்துவிட்டது, வாங்கில் ஏறாததால் இருக்கலாம். கொட்டகைக்குப் பின்னால் பெண்களுக்கென்று பிளாஸ்டிக் டொய்லட் ஒன்றையும் கொண்டு வந்து வைத்தார்கள். அதன் கதவுக் கொண்டி முதல் கிழமையே கழன்று போனது. ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டிருக்கும் அளவுக்கு எனக்குத் தைரியம் இல்லை. நான் ராத்தா வீட்டுக்கே போகிறேன். போவது இடைவேளையில், விசில் ஊதின மறு நிமிஷமே. தலைவர் தருகிற சோடாவையும் குடிக்கிறேன், ஒரு கிளாஸ் மட்டும்.

போன சீசன் முடிந்த கையோடு ராத்தாவிடம் கணக்கை முடிக்கக் காசு கொண்டு போனேன். என்வலப்பில் போட்டு, எண்ணி, திரும்ப எண்ணி. அவர் என்வலப்பை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"இப்ப சில்லறையா நூறு நூறா வாங்கி நான் என்ன செய்ற? அடுத்த சீசனும் சேத்துத் தா."

கோல் விழுந்த அன்றைய இருபது ரூபாவையும் சேர்த்து, இன்றைய நிலையில் ராத்தாவுக்கு நான் கொடுக்க வேண்டியது நானூற்று அறுபது ரூபா.